பல்சமய மேடையில் பேகன்கள்

1893-ஆம் ஆண்டு சிகாகோவில் கூடிய சர்வசமய மாநாடு, இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதியின் ஆதரவோடு கடல் கடந்த விவேகானந்தர் உரையாற்றிய மேடை என்ற வகையில் தமிழ் வாசகர்கள் நன்கறிந்த ஒன்று. அதன் நூற்றாண்டையொட்டி 1993-இல் அதே நகரில் மீண்டும் மாநாடு கூடியபோது, பழைய மாநாட்டின் காலத்தில் உருப்பெற்றேயிராத ஒரு சமயக் குடும்பத்தினர் தங்கள் பெயரிலேயே அதில் பங்கேற்றனர். அவர்களே நவீன பேகன்கள்.

கிறித்துவத்துக்கு முற்பட்ட ஐரோப்பாவின் தெய்வங்களையும் பருவ விழாக்களையும் இன்றைய வாழ்வுக்கேற்ப மீட்டெடுத்து, இயற்கையைப் புனிதமாகக் கொண்டு வழிபடும் பல மரபுகளுக்குப் பேகனியம் என்பது பொதுப்பெயர். 1735-ஆம் ஆண்டின் சூனியத் தடைச் சட்டம் 1951-இல் பிரிட்டனில் நீக்கப்பட்டபின் ஜெரால்டு கார்ட்னர் வெளியுலகுக்கு அறிமுகப்படுத்திய விக்கா, பண்டைய கெல்டியப் பூசாரிகளை முன்மாதிரியாகக் கொண்ட ட்ரூயிட் நெறி, வட ஐரோப்பியத் தெய்வங்களைப் போற்றும் ஆசாத்ரு ஆகியவை இவற்றுள் முதன்மையானவை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021-இல் எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 74,000 பேர் தங்களைப் பேகன்கள் என்றும், 13,000 பேர் விக்கா நெறியினர் என்றும் பதிவுசெய்தனர்.

இச்சிறு சமூகத்துக்கு உரையாடல் ஏன் இன்றியமையாததாயிற்று என்பதை 1980-களின் சூழலே விளக்கும். சாத்தானை வழிபடும் மறைவான கூட்டங்கள் குழந்தைகளைக் கொடுமைப்படுத்துகின்றன என்ற பீதி அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பரவியபோது, சாத்தான் என்ற கருத்துக்கே தங்கள் நெறியில் இடமளிக்காத விக்கா நெறியினர்மீதும் அந்த ஐயத்தின் நிழல் விழுந்தது. பிரிட்டிஷ் அரசுக்காக மானிடவியலாளர் ஜீன் லா ஃபோன்டைன் மேற்கொண்ட ஆய்வு, சாத்தான் வழிபாட்டோடு இணைந்த கொடுமைகளுக்கு ஆதாரமில்லை என 1994-இல் அறிவித்தது. ஆயினும் ஓர் அறிக்கை அச்சத்தைத் துடைத்துவிடுவதில்லை. அண்டை வீட்டார் நேரில் கண்டு, கேட்டு, பழகித் தெளிந்தாலன்றி அது முழுமையாக அகலாது.

1993-ஆம் ஆண்டின் சிகாகோ மாநாடு அத்தகைய பழக்கத்துக்கு வாய்ப்பளித்தது, ஆனால் எளிதாக அல்ல. தங்கள் கடவுட்கொள்கையோடு ஒத்துவராத குழுக்கள் பங்கேற்பதைக் காரணம் காட்டி, அந்நகரின் கிரேக்க வைதீகத் திருச்சபையினர் விலகினர். பூங்காவில் முழுநிலா வழிபாடு நடத்தப் பேகன்கள் கேட்ட அனுமதியும் முதலில் மறுக்கப்பட்டது. போராடிப் பெற்ற அனுமதியின்பேரில் நடந்த வழிபாட்டைப் பிற சமயத்தாரும் வந்து கண்டனர். விலகியவர்களின் மனச்சான்றை மதிக்க வேண்டும்; எனினும், எஞ்சியோர் பெற்ற அறிமுகம் அவர்களுக்குக் கிட்டாமற் போயிற்று என்பதும் உண்மையே. பின்னர், எபிஸ்கோபல் ஆயர் வில்லியம் ஸ்விங் தொடங்கிய ஐக்கிய சமயங்கள் முன்முயற்சி என்னும் அமைப்பு 2000-ஆம் ஆண்டு தன் சாசனத்தில் கையெழுத்திட்டபோது, சமயங்களோடு ஆன்மிக வெளிப்பாடுகளையும் பழங்குடி மரபுகளையும் அதில் சேர்த்துக்கொண்டது. அவ்வமைப்பின் வளர்ச்சியில் விக்கா நெறியினரான டான் ஃப்ரூ தொடர்ந்து பங்காற்றினார்.

உரையாடல் பேகன்களிடமும் சிலவற்றைக் கோருகிறது. பொது மறைநூலோ தலைமைக்குருவோ இல்லாத, ஒவ்வொரு குழுவும் தன்னுரிமையோடு இயங்கும் ஒரு சமயத்தின் சார்பில் யார் பேசுவது என்ற வினா இன்னும் தீரவில்லை. அதைவிடக் கடினமானது வரலாற்று நேர்மை. ஐரோப்பியச் சூனிய வேட்டையில் தொண்ணூறு இலட்சம் பேர் கொல்லப்பட்டனர் என்றும், அவர்கள் அறுபடாத பழைய சமயமொன்றின் வழிவந்தோர் என்றும் தொடக்ககாலப் பேகன்களில் பலர் நம்பினர். இன்றைய வரலாற்றாளர்கள் அந்த எண்ணிக்கையை ஏறத்தாழ 40,000 முதல் 50,000 வரை என மதிப்பிடுகின்றனர். விக்கா இருபதாம் நூற்றாண்டில் உருப்பெற்ற சமயம் என்பதை ரோனால்டு ஹட்டன் 1999-இல் வெளியிட்ட நூலில் விரிவாக நிறுவினார். கிறித்துவர்மீது அந்தப் பெருங்கணக்கைச் சுமத்திக்கொண்டே அவர்களோடு மனந்திறந்து பேச இயலாது. இளமையான சமயம் என்று ஒப்புக்கொள்வதால் ஒரு சமயத்தின் மெய்ம்மை குறைவதும் இல்லை.

பரந்த சமூகம் பெற்ற பயன், சமயம் என்பதன் எல்லையை மறுபடி எண்ணிப்பார்க்க நேர்ந்ததுதான். அமெரிக்கப் படைவீரர்களின் கல்லறைகளில் விக்காவின் ஐங்கோண விண்மீன் சின்னத்தைப் பொறிக்க, நெடிய சட்டப் போராட்டத்துக்குப்பின் 2007-இல் அரசு இசைந்தது. அப்போராட்டத்தில் அரசையும் திருச்சபையையும் பிரித்து வைக்க வேண்டும் எனக் கோரும் ஓர் அமைப்பு விக்கா நெறியினருக்குத் துணைநின்றது. பிரிட்டனில் ட்ரூயிட் வலையமைப்பு 2010-இல் அறநிறுவனமாகப் பதிவு பெற்றது. 1987-இல் தொடங்கப்பட்ட அந்நாட்டின் பல்சமய வலையமைப்பு, முதலில் மறுத்தபின் 2014-இல் அதை உறுப்பினராக ஏற்றது. நிதியுதவியை அரசு விலக்கிக்கொண்டதால் அந்தப் பல்சமய வலையமைப்பே 2024-இல் மூடப்பட்டது. பெரும்பான்மைச் சமயங்களுக்குத் தம் குரலை அரசிடம் சேர்க்க வேறு வழிகள் பல உண்டு. அது மூடப்படுவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னர்தான் அங்கு இடம்பெற்ற ட்ரூயிட்களைப் போன்ற சிறு சமூகங்களுக்கே இவ்விழப்பு பெரிது.