ஹன்டிங்டன் நோய்: கோத்துப் பார்க்க ஒருவர் வேண்டும்

எங்கள் அத்தானுக்கு 42 வயதில் காபி டம்ளரைப் பிடிப்பதே சிரமமாயிற்று. விரல்களும் தோளும் தாமாக ஆடின, நடை தள்ளாடியது. பெங்களூரில் அவர் குடியிருந்த தெருவில், காலையிலேயே குடித்துவிட்டு வருகிறார் என்று பேசிக்கொண்டார்கள். மதுவைத் தொட்டறியாதவர் அவர். ஓராண்டு அலைச்சலுக்குப் பிறகே அது ஹன்டிங்டன் நோய் என்று தெரிந்தது. ‘நரம்புத் தளர்ச்சி’யில் போனதாகச் சொல்லப்பட்ட அவருடைய தகப்பனாரின் நினைவும் அப்போதுதான் வந்தது.

1872இல் இதை விவரித்த ஜார்ஜ் ஹன்டிங்டன் என்ற அமெரிக்க மருத்துவரின் பெயரே நோய்க்கு வந்தது. காரணமான மரபணு 1993இல் கண்டறியப்பட்டது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் வர 50 சதவீத வாய்ப்பு. ஆண், பெண் வேறுபாடில்லை. பெரும்பாலும் 30 முதல் 50 வயதுக்குள் தொடங்கி 15, 20 ஆண்டுகள் நீடிக்கும். அசைவு மட்டுமல்ல, நினைவும் சுபாவமும் மாறும். ஆட்டத்தைக் குறைக்க மருந்துண்டு. நோயைக் குணப்படுத்த இன்னும் இல்லை.

நரம்பு மருத்துவர், மனநல மருத்துவர், பிசியோதெரபிஸ்ட் என்று ஆளுக்கொரு சீட்டு எழுதினார்கள். ஆறு மாதத்தில் அத்தான் 9 கிலோ இளைத்ததை எவரும் கவனிக்கவில்லை, நாங்களும்தான். ஒருநாள் இட்லி தொண்டையில் அடைத்து மூச்சுத் திணறியபோதுதான் விழித்துக்கொண்டோம்.

அப்போது ஆஸ்பத்திரியின் மருத்துவ சமூகப் பணியாளர் அம்மா ஒருவர், “வைத்தியத்துக்கு டாக்டர்கள் இருக்காங்க சார். எல்லாத்தையும் கோத்துப் பார்க்க ஒருத்தர் வேணும். உங்க வீட்ல யாரு?” என்று கேட்டார். பிரிட்டன் போன்ற நாடுகளில் இதற்கென்றே ஆட்கள் உண்டு. கேஸ் மேனேஜர் என்பார்கள். இங்கே பெரும்பாலும் குடும்பத்தில் ஒருவர்தான் அந்தப் பொறுப்பை ஏற்க வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டில் நான் ஏற்றேன்.

ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். மருந்து, எடை, கீழே விழுந்த நாள், கோபம் வந்த நேரம் எல்லாம் அதில். எந்த டாக்டரிடம் போனாலும் அதுவே முதலில் மேசைக்குப் போகும். இந்த நோயாளிக்குக் கலோரி அதிகம் தேவை; ஆகவே நெய்யும் சிற்றுண்டியும் கூடின. நிமிர்ந்து உட்கார வைத்து, டி.வி.யை அணைத்து, குழைவான உணவைச் சிறு கவளமாகக் கொடுத்தோம். குளியலறையில் கைப்பிடி பொருத்தினோம். கேள்வியைச் சுருக்கமாகக் கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்கப் பழகினோம். கோபம் மூளையிலிருந்து வருவது என்று புரிந்தபின் அக்காளின் கண்ணீர் குறைந்தது. மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் இந்நோயில் அதிகம். அரசின் டெலிமானஸ் எண் 14416, நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கிறது.

காகித வேலைகளை அவர் தெளிவாக இருக்கும்போதே முடித்தோம். வங்கிக் கணக்கை அக்காளுடன் கூட்டுக் கணக்காக்கினோம். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி தமக்கான பிரதிநிதியை அவரே நியமித்தார். நாட்பட்ட நரம்பியல் நிலைகள் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இடம்பெற்றிருப்பதால் சான்றிதழுக்கும் விண்ணப்பித்தோம். ஞாயிறுதோறும் அத்தானுடன் நான் இருக்க, அக்காள் வெளியே போய்வருவாள். பார்த்துக்கொள்பவரின் ஓய்வும் வைத்தியத்தில் சேர்ந்ததே.

ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். அக்காள் மகளுக்கு வரன் வந்தபோது, நோயை மறைத்துவிடலாம் என்று சொன்னவன் நான். “மறைச்சுட்டு நான் எப்படி மாமா நிம்மதியா இருப்பேன்?” என்றாள் அவள். சொன்னாள், அந்த வரன் தட்டிப்போயிற்று. அவள் இன்னும் மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளவில்லை. 18 வயது நிறைந்தவர், ஆலோசனை பெற்றபின், தாமாக எடுக்க வேண்டிய முடிவு அது. பெரியவர்கள் வற்புறுத்தக் கூடாது. இங்கே நிம்ஹான்ஸில் பரிசோதனையும் ஆலோசனையும் உண்டு.

சொந்த ஊரை விட்டு வந்த நமக்குப் பக்கத்துணை குறைவு. உங்கள் குடும்பத்தில் இப்படி ஒருவர் இருந்தால் ஒளிக்காதீர்கள். இன்றே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். அதை யார் எழுதுவது என்று முடிவு செய்யுங்கள்.