முதுகில் குண்டூசி!
முந்திரிப் பூவைக் கருக்கும் 'கொசு'

முந்திரி பூத்துக் குலுங்குகிறது. சில நாள் கழித்துப் பார்த்தால், பூங்கொத்து தீயில் வாட்டியதுபோல் கருகி நிற்கிறது!

பனியா? நோயா? கண் பட்டுவிட்டதா?

பெரும்பாலும் இது ஒரு சிறு பூச்சியின் வேலை. அதன் பெயர் தேயிலைக் கொசு. பெயரில்தான் கொசு. உண்மையில் அது நாவாய்ப் பூச்சி. மூட்டைப் பூச்சிக்கு உறவு!

வேம்பையும் விடாது

புதுக்கோட்டை மாவட்டத்தில் முந்திரிக் காடுகள் உண்டு. வறுத்த முந்திரிப் பருப்புக்கு ஆதனக்கோட்டை பேர்போன ஊர். அதே மாவட்டத்தில் உள்ள கீரனூரில், முந்திரி இல்லாதவர்களும் இந்தப் பூச்சியைத் தெரிந்து கொள்ள வேண்டும். ஏனென்றால், இது வேப்பங்கொழுந்தையும் விடாது. கொய்யாவும் இதற்குத் தீனிதான்.

ஊசிபோன்ற வாயைக் குத்திச் சாற்றை உறிஞ்சும். அப்போது அதன் எச்சில் உள்ளே இறங்கும். அந்த எச்சில் நஞ்சு! குத்திய இடம் கறுக்கும். கொழுந்தும் பூவும் காய்ந்துவிடும். பிஞ்சு உதிரும். தாக்குதல் கடுமையானால் விளைச்சலில் பாதிகூடப் போய்விடும்.

அடையாளம் என்ன?

நீளம் கால் அங்குலம். கால்கள் நீண்டு மெலிந்திருக்கும். முதுகில் குண்டூசி குத்தி வைத்ததுபோல் ஒரு முள் நிற்கும். முள்ளின் நுனியில் சிறு குமிழ் இருக்கும். இந்த இனத்தின் முத்திரை இதுதான்.

பிரெஞ்சு அறிஞர் சிஞோரே 1858-ல் இந்த இனத்துக்குப் பெயர் சூட்டினார். 1886-ல் வாட்டர்ஹவுஸ் என்பவர் மேலும் இரு வகைகளைப் பிரித்துக் காட்டினார். இந்த மூன்று வகைகளும் தென்னிந்திய முந்திரியில் உண்டு.

நிறத்தை நம்பி இவற்றைப் பிரிக்க முடியாது. ஒரே வகையில் சில கறுத்தும் சில சிவந்தும் இருக்கும். ஆண் பூச்சியின் உள்ளுறுப்பை மைக்ராஸ்கோப்பில் பார்த்தே அறிஞர்கள் முடிவு சொல்கிறார்கள்.

பெரிய குடும்பம்

இந்தக் குடும்பத்தில் 11,000-க்கு மேற்பட்ட வகைகள் உண்டு. குளிர் நாடுகளில் பைன் போன்ற ஊசியிலை மரங்களில் மட்டுமே வாழ்பவையும் இருக்கின்றன. அவற்றுக்கு மரமே பாதி அடையாளம். தேயிலைக் கொசு அப்படி அல்ல. பல மரங்களில் ஏறும். ஆகவே மரத்தை வைத்துத் தீர்மானிக்க முடியாது. பூச்சியைத்தான் பார்க்க வேண்டும்.

பகைவனா? நண்பனா?

இங்கேதான் எச்சரிக்கை தேவை. அதே மரத்தில் வேறு நாவாய்ப் பூச்சிகளும் உலவும். அவற்றில் சில, தேயிலைக் கொசுவையே பிடித்துத் தின்னும்! அவற்றின் வாய் குட்டையாக, தடித்து, வளைந்திருக்கும். முதுகில் குண்டூசி முள் இருக்காது. இலைகளைப் பின்னிக் கூடு கட்டும் முசுறு எறும்பும் தேயிலைக் கொசுவை விரட்டும்.

கண்டபடி மருந்து அடித்தால் என்ன ஆகும்? பகைவனோடு காவற்காரனும் சாவான். மறுபடி பூச்சி வந்தால் தடுக்க ஆள் இருக்காது.

ஆகவே, கொழுந்து விடும் காலத்திலிருந்தே காலையிலும் மாலையிலும் மரத்தைப் பாருங்கள். சந்தேகமான பூச்சியைப் பிடித்துச் சிறு புட்டியில் போட்டு, வேளாண்மை அலுவலரிடம் காட்டுங்கள். என்ன பூச்சி என்று தெரிந்த பிறகு மருந்தை யோசிக்கலாம்.