காயம் ஆறினாலும் ஓயாத காவல்

சித்தூரிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வேலூரில்தான், இந்தியாவின் முதல் நரம்பு அறுவைச் சிகிச்சைப் பிரிவை 1949-ல் டாக்டர் ஜேக்கப் சாண்டி தொடங்கினார். இன்று திருப்பதி 'ஸ்விம்ஸ்' ஆஸ்பத்திரியிலும் அத்தகைய பிரிவு உண்டு. தலையில் அடிபட்டவர்கள் பலர் பிழைத்து வீடு திரும்புகிறார்கள்.

திரும்பிய பிறகு வேறு தொல்லை. கணக்கு எழுதுபவருக்குக் கூட்டல் தவறுகிறது. சாதுவானவர் எரிந்து விழுகிறார். "காயம்தான் ஆறிவிட்டதே, வேலைக்குப் போகச் சோம்பல்" என்று வீட்டார் சொல்வதுண்டு. அது நியாயமல்ல. அடிபட்டபோதே நரம்பு இழைகள் அறுந்திருக்கலாம். இன்னொரு காரணமும் இருக்கலாம் என்கிறார்கள் விஞ்ஞானிகள்: மூளையின் காவல் அணுக்கள்.

இரத்தத்தின் வெள்ளை அணுக்களைச் சாதாரணமாக மூளை உள்ளே அனுமதிப்பதில்லை. அதற்குச் சொந்தக் காவல் உண்டு. 'மைக்ரோகிளியா' என்று அதற்கு 1919-ல் பெயரிட்டவர் ஸ்பெயின் நாட்டு ஹோர்த்தேகா. கரு வளரும்போதே மூளையில் குடியேறிவிடும் இந்த அணுக்கள், மெல்லிய கைகளால் அக்கம்பக்கத்தை ஓயாமல் துழாவுகின்றன. உயிருள்ள எலியின் மூளையில் 2005-ல் இதை நேரிலேயே பார்த்தார்கள்.

அடிபட்ட சில நிமிடங்களில் அந்தக் கைகள் காயத்தை நோக்கி நீளும். சில மணி நேரத்தில் கைகள் சுருங்கி, உடல் பருக்கும். அடுத்த சில நாட்களில் அணுக்கள் பெருகி, செத்த அணுக்களை விழுங்கிச் சுத்தம் செய்யும். கூடவே சில ரசாயனங்களையும் கக்கும். அவை பழுதுபார்க்க உதவும். அளவு மீறினால் நல்ல நரம்புகளையும் கெடுக்கும். அணைக்க வந்தவன் ஊற்றிய தண்ணீரே சுவரைக் கரைப்பது போலத்தான்.

வேலை முடிந்ததும் காவல் அடங்க வேண்டும். எல்லோருக்கும் அடங்குவதில்லை. அடிபட்டு 11 மாதம் முதல் 17 வருடம் வரை ஆன பத்துப் பேரை லண்டனில் ஸ்கேன் செய்து, 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். காயத்திலிருந்து தள்ளியுள்ள தலாமஸ் பகுதியிலும் காவலின் பரபரப்பு தெரிந்தது. சிந்தனைத் திறன் அதிகம் குறைந்தவர்களிடம் அங்கே அது கூடுதலாகவும் இருந்தது.

மருந்து கொடுத்து அடக்கிவிடலாமே என்று தோன்றும். அதையும் பார்த்தார்கள். முகப்பருவுக்குக் கொடுக்கும் மினோசைக்ளின் மாத்திரையை, பழைய தலைக்காயம் உள்ள சிலருக்கு 12 வாரம் தந்தார்கள். பரபரப்பு குறைந்தது, ஆனால் நரம்பு சிதைவதைக் காட்டும் பொருள் இரத்தத்தில் கூடியது. 2018-ல் வெளியான இந்த முடிவு பலரை யோசிக்க வைத்தது. நெடுநாள் கழித்தும் அந்தக் காவல் ஏதோ நல்லதும் செய்கிறது போலும். ஆகவே இது மருந்துக் கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் விஷயமல்ல.

மாதக்கணக்கில் மறதி, தலைவலி, கோபம் நீடித்தால் நரம்பியல் பிரிவில் மறுபடி காட்டலாம். பழைய டிஸ்சார்ஜ் சீட்டையும் ஸ்கேன் படத்தையும் மறக்காமல் எடுத்துச் செல்ல வேண்டும். நோயாளிக்கே மறதி என்பதால், கூட ஒருவர் போவது நல்லது.