ஊசி போட்ட நாளில் நாயோடு இருங்கள்

விசர்நாய்க்கடித் தடுப்பூசி போட வருகிறவர்கள் ஒரு வீட்டுப் படலையடியில் நிற்பது சில நிமிடம்தான். நாயைப் பிடிக்கச் சொல்வார்கள், ஊசியை ஏற்றுவார்கள், அட்டையில் திகதியைக் குறித்துத் தந்துவிட்டு அடுத்த வளவுக்குப் போய்விடுவார்கள். நெடுங்கேணியோ ஒட்டுசுட்டானோ பூநகரியோ, எங்கும் இதுதான் நடப்பு. வெயில் ஏறுவதற்குள் ஊரைச் சுற்றி முடிக்க வேண்டியவர்களிடம் அதற்கு மேல் எதிர்பார்க்கவும் முடியாது. ஆனால் மருந்து ஒரு நாயின் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போனால், அது வெளியே தெரிய வருவது பெரும்பாலும் அவர்கள் போன பிறகுதான். அந்த நேரம் நாய்க்குப் பக்கத்தில் நிற்பவர் வீட்டுக்காரர் மட்டுமே. எதைப் பார்த்தால் வைத்தியரிடம் ஓட வேண்டும், எதற்கு ஓடத் தேவையில்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஓடத் தேவையில்லாதவற்றை முதலில் சொல்லிவிடலாம். ஊசி போட்ட அன்று நாய் சோர்ந்து படுத்திருக்கும். சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போகும். ஊசி ஏறிய காலை நொண்டும், அந்த இடத்தைத் தொட்டால் உறுமும். உடம்பு கொஞ்சம் சுடும். உடம்பு மருந்தை அடையாளம் கண்டு எதிர்ப்புச் சக்தியை உருவாக்கும்போது வரும் சாதாரண அலுப்பு இது. ஒரு நாளில், கூடினால் இரண்டு நாளில் அடங்கிவிடும். நிழலில் படுக்கவிட்டுப் பக்கத்தில் தண்ணீர் வைத்தால் போதும். இரண்டு நாள் கழிந்தும் எழும்பாமல் கிடந்தால் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். ஊசி போட்ட இடத்தில் சிறிய கட்டி தட்டுப்படுவதும் உண்டு. சில கிழமைகளில் கரைந்துவிடும். மூன்று மாதம் தாண்டியும் கரையாவிட்டாலோ, பெருத்துக்கொண்டே போனாலோ காட்டத்தான் வேண்டும்.

முகம் வீங்குவது அடுத்த படி. கண் இமை தடித்து மூடிக்கொள்ளும், உதடு தொங்கும், மூக்குத் தண்டு உப்பும். நாய் முகத்தை மண்ணில் தேய்க்கும், முன்னங்காலால் சுரண்டும். குட்டை மயிர் நாயென்றால் முதுகிலும் விலாவிலும் தடிப்புத் தடிப்பாக எழும்புவது தெரியும். ஊசி போட்ட சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் இது வரும். பார்க்கப் பயமாக இருந்தாலும் இதோடு நின்றுவிட்டால் பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை. வைத்தியர் ஒவ்வாமைக்கான மருந்தைக் கொடுத்ததும் வீக்கம் மெல்ல வற்றத் தொடங்கும். மூச்சுச் சத்தம் மாறினால் கதை வேறு. அதனால் ‘விடியட்டும், பார்ப்பம்’ என்று விடக்கூடாது, அன்றே காட்ட வேண்டும். வற்றிய பிறகும் அன்றிரவு நாயை அவிழ்த்துவிடாமல் வீட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். மருந்தின் வேகம் குறைய வீக்கம் திரும்பி வருவதும் உண்டு.

வன்னியில் முகம் வீங்கினால் புடையன் பாம்பையும் நினைக்க வேண்டும். விறகுக் கட்டுக்குள்ளும் வைக்கோலுக்குள்ளும் மூக்கை விடுகிற நாய்க்கு முகத்தில்தான் கடி விழும். ஒவ்வாமை வீக்கம் பெரும்பாலும் இரண்டு பக்கமும் பரவி, மெத்தென்று இருக்கும், அரிக்கும். புடையன் கடித்த வீக்கம் ஒரு பக்கம் கூடுதலாக, தொட்டால் நாய் கத்துமளவு நோவோடு இருக்கும். இரத்தம் கசியும், தோல் கறுத்து வரும். ஊசி போட்ட நாள் என்பதற்காக எல்லாவற்றையும் ஊசியின் தலையில் கட்டினால், பாம்புக்கடிக்கு வைத்தியம் பார்க்கும் நேரம் கைவிட்டுப் போகும்.

உண்மையான ஆபத்து முகம் வீங்காமலே வரக்கூடியது. அனபிலக்சிஸ் என்று வைத்தியர்கள் சொல்லும் கடும் ஒவ்வாமை அது. மருத்துவ உலகம் அதை விளங்கிக்கொண்டதே ஒரு நாயிடமிருந்துதான். 1901இல் மொனாக்கோ இளவரசர் முதலாம் அல்பேர்ட்டின் ஆய்வுக் கப்பலில் போன சார்ள் ரிஷே, போல் போர்ட்டியே என்ற இரண்டு பிரெஞ்சு அறிஞர்கள் கடல் உயிரிகளின் நஞ்சை ஆராயத் தொடங்கினார்கள். பாரிஸுக்குத் திரும்பியதும், கடற்சாமந்தியின் நஞ்சைச் சிறு அளவில் நாய்களுக்கு ஏற்றிப் பார்த்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் உடம்பு நஞ்சுக்குப் பழகிவிடும் என்பது அவர்கள் கணக்கு. நெப்டியூன் என்ற திடகாத்திரமான நாய் முதல் ஊசியைத் தாங்கிக்கொண்டது. சுமார் மூன்று கிழமை கழித்து, 1902 பெப்ரவரியில், இரண்டாவது ஊசி. சில நொடிகளில் மூச்சு வாங்கியது. நிற்க முடியாமல் விழுந்தது. வயிற்றோட்டம் போய், இரத்தமாகச் சத்தியெடுத்து, இருபத்தைந்து நிமிடத்தில் செத்துப்போனது. இந்த ஆராய்ச்சிக்காக ரிஷேக்கு 1913இல் நோபல் பரிசு கிடைத்தது. நெப்டியூனுக்கு எதுவும் கிடைக்கவில்லை.

அந்த நாய் செத்த விதத்தில் நமக்கு இரண்டு செய்தி உண்டு. போன வருடம் ஒன்றும் ஆகவில்லை என்பதால் இந்த வருடமும் ஆகாது என்று சொல்ல முடியாது. முதல் ஊசியில் உடம்பு பகையைக் குறித்து வைத்துக்கொள்ளும், சண்டை பிறகுதான். மற்றது, நாயின் உடம்பில் இந்தச் சண்டை முக்கியமாக நடப்பது ஈரலிலும் குடலிலும். இரத்தம் அங்கே தேங்கி நிற்க, உடம்பின் மற்றப் பகுதிகளுக்கு ஓட்டம் குறைந்து அழுத்தம் சரிந்துவிடும். மனிதரைப் போல் மூச்சுத் திணறும் என்று காத்திருந்தால் ஏமாந்துபோவோம். ஊசி போட்டு அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் நாய் அடுத்தடுத்துச் சத்தியெடுத்தால், திடீரென்று வயிற்றோட்டம் போனால், அதில் இரத்தம் கண்டால், வெறிகாரர் போல் தள்ளாடினால், கூப்பிட்டும் தலை தூக்காவிட்டால், அந்த நிமிடமே வாகனம் தேடுங்கள்.

சந்தேகமாக இருந்தால் முரசைப் பாருங்கள். விரலால் அழுத்தி எடுத்தால் வெளிறிய இடம் இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும். வெளிறியபடியே இருந்தால் இரத்த ஓட்டம் விழுந்துவிட்டது என்று அர்த்தம். நம் ஊர் நாய்கள் பலவற்றுக்கு முரசு கறுப்பு. அப்படியானால் கீழிமையை இழுத்து உட்புறத்தைப் பாருங்கள். வெயிலில் துரத்திப் பிடித்த நாய் களைத்து விழுவதும் உண்டு. அதற்கு உடம்பு கொதிக்கும், முரசு செக்கச் சிவந்திருக்கும், நாக்கைத் தள்ளி இளைக்கும். நிழலுக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒவ்வாமையில் விழுந்த நாய்க்குக் காதும் பாதமும் குளிர்ந்துபோயிருக்கும்.

இதற்கான முதல் மருந்து அட்ரினலின். தொடைத் தசையில் போட்டால் சில நிமிடங்களில் வேலை செய்யும். அதோடு சேலைன் ஏற்ற வேண்டியிருக்கும். ஒவ்வாமை மாத்திரையும் ஸ்டீரொயிட் ஊசியும் மெதுவாகத்தான் பிடிக்கும்; விழுந்த நாயை அவை மட்டும் தூக்கி நிறுத்தாது. வீட்டு வைத்தியத்துக்கு இங்கே இடமில்லை என்று சொல்வது அதனால்தான்.

ஆனால் கால்நடை வைத்தியர் பணிமனை எங்கே இருக்கிறது? வன்னியில் பல ஊர்களுக்கு அது காட்டு வழியால் போய் ஏ9 வீதியில் ஏறியாக வேண்டிய தூரம். போனாலும் வைத்தியர் அன்று ஏதாவது மாட்டுப்பட்டியில் நிற்கக்கூடும். எனவே வேலையை ஊசிக்கு முன்பே தொடங்க வேண்டும். ஊசி போட வந்தவரிடம் அட்ரினலின் இருக்கிறதா, அடுத்து எந்தப் பக்கம் போகிறார், தொலைபேசி இலக்கம் என்ன என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வைத்தியரிடம் நீங்களே கொண்டுபோவதென்றால் காலையில் போங்கள். ஊசி போட்டதும் புறப்படாமல் அரை மணி நேரம் அங்கேயே நில்லுங்கள். வயலுக்கோ கலியாண வீட்டுக்கோ போகிற நாளில் ஊசி வேண்டாம்.

கொண்டுபோகும் விதத்திலும் கவனம் தேவை. மோட்டார் சைக்கிளில் நாயைச் சாக்குக்குள் போட்டுக் கட்டிக் கொண்டுபோகிற பழக்கம் இருக்கிறது. சத்தியெடுக்கும் நாயின் வாயைக் கட்டினாலோ சாக்கின் வாயைக் கட்டினாலோ, எடுத்த சத்தி மூச்சுக்குழாய்க்குள் போகும். ஓட்டோவோ லாண்ட்மாஸ்டரோ கிடைத்தால் பக்கவாட்டில் படுக்கவைத்து, கழுத்தை நீட்டிவிட்டு, ஒருவர் பக்கத்தில் இருந்து போவது நல்லது. நினைவு மங்கிய நாய்க்குத் தண்ணீரோ பாலோ பருக்கக்கூடாது. நோவில் இருக்கிற நாய் வளர்த்தவரையும் கடிக்கும், கையை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள்.

உடம்பு சுடுகிறதே என்று பனடோல் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். நாய்க்கு அளவு தவறினால் அது ஈரலைக் கெடுக்கும், இரத்தத்தையும் கெடுக்கும். மனிதருக்கான நோ மாத்திரைகளான இபுபுரோபனும் டைக்குளோபெனக்கும் இன்னும் மோசம். வயிற்றில் புண்ணாக்கி, சிறுநீரகத்தைப் பழுதாக்கும். பிரிட்டோன் (Piriton) என்ற ஒவ்வாமை மாத்திரையைச் சில வைத்தியர்கள் நாய்க்கும் சொல்வதுண்டு. அளவைத் தொலைபேசியில் கேட்ட பிறகே கொடுங்கள். தடிமன் மாத்திரை என்று வேறு மருந்துகளும் கலந்து வருபவற்றைத் தொடவே வேண்டாம்.

இவ்வளவையும் வாசித்துவிட்டு ஊசியே வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். 2005இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு, ஊசி போட்ட 12 லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்களின் பதிவுகளைப் பார்த்தது. மூன்று நாளுக்குள் ஏதோ ஒரு பாதகம் பதிவானது 10,000 நாய்க்கு 38 அளவில். அதிலும் பெரும்பாலானவை முகவீக்கம், தடிப்பு, சத்தி என்ற அளவில் நின்றன. ஏறக்குறைய நான்கில் மூன்று அன்றைக்கே வந்தன. உருவம் சிறுக்கச் சிறுக்க ஆபத்துக் கூடியது. டக்‌ஷண்ட், பக், சிவாவா போன்ற குட்டி இனங்கள் முன்வரிசையில் நின்றன. ஒரே தடவையில் போடும் ஊசிகளின் எண்ணிக்கை கூடவும் ஆபத்துக் கூடியது: 10 கிலோவுக்கு உட்பட்ட நாய்களில் மேலதிகமான ஒவ்வோர் ஊசிக்கும் 27 சதவீதம். கொழும்பிலிருந்து குட்டி வாங்கி வந்து, ஒரே நாளில் எல்லா ஊசியையும் போட்டுமுடிக்க நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். நாய் சிறிது என்பதற்காக மருந்தைப் பாதியாக்கக் கேட்பதும் பிழை. பாதி மருந்து பாதுகாப்பைத்தான் குறைக்கும்.

ஊசியால் வந்தது என்று ஊர் சொல்வதில் ஊசிக்குச் சம்பந்தமில்லாததும் நிறைய. உண்ணிக் காய்ச்சலை ஏற்கெனவே உடம்பில் வைத்திருந்த நாய், ஊசி போட்ட கிழமையில் சாப்பாட்டை விட்டுவிட்டு மெலியும். முரசு வெளிறி, சிறுநீர் கடும் நிறத்தில் போனால் இரத்தப் பரிசோதனைதான் வழி. இதைவிடப் பாரதூரமானது ஒன்று உண்டு. விசர் பிடித்த மிருகம் கடித்த நாய்க்கு நோய் வெளியே வரக் கிழமைகள், மாதங்கள் ஆகலாம். அந்த இடைவெளியில் ஊசி போட்டு, பிறகு அதற்கு விசர் வந்தால், ‘ஊசி போட்டுத்தான் விசர் பிடிச்சது’ என்று பேச்சுக் கிளம்பும். நாய்களுக்குப் போடும் வழமையான விசர்நாய்க்கடி ஊசியில் இருப்பது செத்த வைரசு. அது நோயைக் கொடுக்காது. ஊசி போட்டுச் சில நாள், சில கிழமை கழித்து நாயின் குரல் மாறினால், தாடை தொங்கி வீணீர் வடிந்தால், மண்ணையும் தடியையும் கடித்தால், தொண்டையில் எலும்பு சிக்கியதென்று வாய்க்குள் கைவிடாதீர்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குச் சொல்லுங்கள். கடித்துவிட்டால் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ‘ஊசி போட்ட நாய்தானே’ என்று வீட்டில் இருந்துவிடக்கூடாது.

ஒரு தடவை முகம் வீங்கிய நாய்க்கு அடுத்த வருடம் என்ன செய்வது? ‘எங்கட நாய்க்கு ஊசி ஒத்துக்கொள்ளாது’ என்று படலையைச் சாத்துவதுதான் வழமையாக நடக்கிறது. அதை என்னால் ஏற்க முடியவில்லை. 1973இல் இலங்கையில் விசர்நாய்க்கடியால் செத்தவர்கள் 377 பேர். அண்மைய ஆண்டுகளில் இருபது, முப்பது என்ற அளவுக்கு அது இறங்கியிருப்பதில் நாய்களுக்குப் போட்ட ஊசிக்குப் பெரிய பங்கு உண்டு. ஊரில் நூற்றுக்கு எழுபது நாய்க்காவது ஊசி போட்டிருந்தால்தான் நோய் பரவும் சங்கிலி அறும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதோடு வன்னி நாய் வீட்டோடு கிடப்பதில்லை. காட்டோரத்தில் நரியோடும் கீரியோடும் மரநாயோடும் மல்லுக்கட்டிவிட்டு வரும். இந்த மூன்றுக்கும் விசர் வரும்.

எனவே ஊசியை விடாமல், போடும் விதத்தை மாற்றலாம். வைத்தியரிடம் கொண்டுபோய்ப் பழைய கதையை முதலிலேயே சொல்லுங்கள். விசர்நாய்க்கடி ஊசியை மட்டும் தனியாகப் போட்டு, மற்ற ஊசிகளைச் சில கிழமை இடைவெளி விட்டுப் போடலாம். முன்கூட்டியே ஒவ்வாமை மருந்து கொடுக்கவும், பிறகு சில மணி நேரம் கண்காணிப்பில் வைத்திருக்கவும் முடியும். நெப்டியூன் போல் விழுந்தும் உயிர் தப்பி எழும்பிய நாய்க்கு மட்டும் அடுத்த ஊசி தேவையா என்பதை வைத்தியர்தான் நிறுத்துப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். ஊசி போட முடியாமல் போகும் இந்தச் சிறு கூட்டத்துக்காகவும்தான் மற்ற எல்லா நாய்க்கும் போட வேண்டியிருக்கிறது.

மருந்தின் வணிகப் பெயரை மாற்றுவதும் சிலவேளை கைகொடுக்கும். ஒவ்வாமையைக் கிளப்புவது பல தடவை வைரசு அல்ல. மருந்து தயாரிக்கும்போது சேரும் மாட்டுக் குருதிப் புரதம் போன்ற மிச்சங்கள் என்று ஜப்பானிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தயாரிப்புக்குத் தயாரிப்பு இந்த மிச்சங்களின் அளவு வேறுபடும். ஆனால் போன தடவை போட்டது எது என்று தெரியாமல் எதற்கு மாற்றுவது? அட்டையில் திகதியோடு மருந்தின் பெயரையும் தொகுதி இலக்கத்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எத்தனை நிமிடத்தில் என்ன வந்தது என்பதை நீங்களே அதன் கீழே எழுதி வையுங்கள், கைத்தொலைபேசியில் ஒரு படமும் எடுங்கள். ஊசி போட்டவருக்கும் அன்றே அறிவியுங்கள். ஒரு குப்பியில் பல நாய்களுக்கான மருந்து இருக்கும். பக்கத்து வளவுகளிலும் அதே நாளில் இரண்டு, மூன்று நாய்களுக்கு இப்படி வந்திருந்தால், பிழை உங்கள் நாயின் உடம்பில் இல்லாமல் அந்தக் குப்பியில் இருக்கக்கூடும். அதை அடுத்த ஊருக்குக் கொண்டுபோகும் முன் அவர் அறிய வேண்டும்.