முறுக்குப் பொட்டலத்துக்குள் ஏ.டி.எம். கார்டு!

பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு, போன் மணி எப்போது அடிக்கும் என்று காத்திருக்கும் அம்மாமார்களுக்காக இதை எழுதுகிறேன். என் அசட்டுத்தனத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். சிரித்துவிட்டு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் நர்ஸிங் படித்தவள். 2023 ஜூன் மாதம் மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துப் போனாள். ஊறுகாய், பருப்புப்பொடி, தலைவலித் தைலம் என்று பார்த்துப் பார்த்து எடுத்து வைத்த நான், அவள் கைப்பையில் இருந்த ஏ.டி.எம். கார்டை ஒரு தடவை திருப்பிப் பார்க்கவில்லை. அதில் 07/23 என்று போட்டிருந்தது. ஜூலை 31-ஆம் தேதியோடு அது செல்லாது என்று அர்த்தம்.

அங்கே அவளுக்கு ரெசிடென்ட் கார்டு வருவதற்குத் தாமதமாகிவிட்டது. அது இல்லாமல் பேங்கில் கணக்கு திறக்க முடியவில்லை. கணக்கு இல்லாததால் சம்பளமும் கைக்கு வரவில்லை. நம் ஊரில் இரண்டு வருஷம் வேலை பார்த்துச் சேர்த்திருந்த பணத்தைத்தான் இந்தக் கார்டைப் போட்டு எடுத்துச் செலவழித்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு ரியால் என்றால் நம் காசுக்கு இருநூறு ரூபாய்க்கு மேல்!

ஜூலை நடுவில் புதுக் கார்டு தபாலில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. "அம்மா, எப்படியாவது அனுப்பி வைம்மா" என்றாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கூரியர் ஆபீஸில் கேட்டேன். "ஏ.டி.எம். கார்டுன்னா எடுக்க மாட்டோம்மா" என்று கையை விரித்துவிட்டார்கள்.

அப்போதுதான், லீவில் வந்திருந்த பக்கத்துத் தெருத் தம்பி ஆடித்தபசு முடிந்ததும் மஸ்கட் கிளம்புவது தெரிந்தது. தபசுக் காட்சி பார்க்காமல் எங்கள் ஊர்க்காரர்கள் விமானம் ஏற மாட்டார்கள்! எனக்கோ ஒரே சந்தோஷம். கார்டை எடுத்துக்கொண்டு நானே ஏ.டி.எம்.முக்குப் போய், என் போனுக்கு வந்த ஓ.டி.பி.யைப் போட்டு ரகசிய எண்ணையும் உண்டாக்கினேன். மகள் மறந்துவிடக் கூடாதே என்று அந்த எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, கார்டைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டு, முறுக்குப் பொட்டலத்துக்கு நடுவில் ஒளித்து வைத்தேன். அம்மன் கோவில் புற்றுமண்ணும் ஒரு பொட்டலம். "முறுக்கும் புற்றுமண்ணும்தான் தம்பி" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலையில் தம்பி வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் என் பொட்டலம், பிரித்தபடி!

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. யாரு எது குடுத்தாலும் பிரிச்சுப் பாக்காம நான் பெட்டியில வைக்க மாட்டேன். அடுத்தவங்க சாமானை என்னன்னு தெரியாம வாங்கிட்டுப் போயி, அதுல மாத்திரை, மருந்துன்னு தடை பண்ணுன பொருள் இருந்து, மாட்டிக்கிட்டவங்க எவ்வளவோ பேரு. பெட்டி யாரோடதோ, அவன்தானே பதில் சொல்லணும்? நீங்க வெச்சது வெறும் கார்டுதான். ஆனா சொல்லாம வெச்சீங்க பாருங்க, அதுதான் தப்பு" என்றார்.

எனக்கு முகம் செத்துவிட்டது. பெற்ற பாசத்தில் இன்னொரு வீட்டுப் பிள்ளையைப் பற்றி நான் யோசிக்கவே இல்லையே!

அவர் அதோடு விடவில்லை. துண்டுச் சீட்டை என்னிடமே கொடுத்து, "கார்டை நான் கொண்டுபோறேன். இது எனக்கு வேண்டாம். வழியில பை தொலைஞ்சா எடுக்குறவன் கையில பூட்டும் சாவியும் சேர்ந்தில்ல கிடைக்கும்!" என்றார். பிறகு விசாரித்ததில் இன்னொன்றும் தெரிந்தது. நமக்குத் தெரியாமல் கணக்கில் யாராவது பணம் எடுத்துவிட்டால், பேங்கிலிருந்து தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் புகார் செய்தால் நமக்கு நஷ்டம் இல்லை என்று 2017-ல் ரிசர்வ் பேங்க் விதி போட்டது. ஆனால் ரகசிய எண்ணை நாமே வெளியே விட்டிருந்தால், பேங்குக்குச் சொல்லும் வரை போன பணம் நம் தலையில்தான் என்றும் அதே விதி சொல்கிறது.

கார்டு மஸ்கட் போய்ச் சேர்ந்தது. எண்ணை போனில் சொன்னேன். அப்பாடா என்று இருந்தால், அன்று ராத்திரியே மகள் போன். "அம்மா, மெஷின் பணம் தர மாட்டேங்குதும்மா!"

காரணம் இதுதான். 2020 அக்டோபர் 1 முதல், புதிதாக வரும் கார்டானாலும் மாற்றி வரும் கார்டானாலும், முதலில் இந்தியாவுக்குள் ஏ.டி.எம்.மிலும் கடை மெஷினிலும் மட்டுமே வேலை செய்யும். வெளிநாட்டு உபயோகத்தை நாம்தான் திறந்துவிட வேண்டும். பழைய கார்டில் புறப்படும்போதே திறந்து வைத்திருந்தாள். புதுக் கார்டுக்கும் அதைச் செய்ய வேண்டும் என்பது அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

சரி, நெட் பேங்கிங்கில் திறக்கலாம் என்று உட்கார்ந்தால், ஓ.டி.பி. வருவது என் போனுக்கு! காலேஜில் சேர்ந்தபோது திறந்த கணக்கு. அன்றைக்கு என் நம்பரைத்தான் கொடுத்தோம். அன்று ஆடி வெள்ளி. நான் கோமதி அம்மன் சன்னதியில் கூட்டத்தில் நிற்கிறேன். போன் வீட்டில் அலமாரி மேல். மூன்று தடவை ஓ.டி.பி. வந்து மூன்றும் காலாவதி. வீட்டுக்கு வந்து பார்த்தபோது பதினாலு மிஸ்டு கால்!

கடைசியில் ராத்திரி ஒன்பது மணிக்கு ஆறு எண்களையும் ஒவ்வொன்றாக வாசித்துச் சொன்னேன். அரை மணி நேரத்தில் "கிடைச்சிட்டும்மா" என்றாள். குரல் உடைந்துபோயிருந்தது. நாலு நாளாக வெறும் குப்பூஸும் டீயும்தான் சாப்பிட்டிருக்கிறாள். கூட இருந்த மலையாளப் பெண்ணிடம் 5 ரியால் கடன் வேறு. தன் கணக்கில் தன் சம்பாத்தியம் கிடக்க, அடுத்தவளிடம் கைநீட்டியிருக்கிறாள் என் பிள்ளை. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால் சகோதரிகளே, பெட்டி கட்டும்போதே கீழே உள்ளவற்றையும் பார்த்துவிடுங்கள்.

* கார்டில் போட்டிருக்கும் மாதம், வருஷம். ஒரு வருஷத்துக்குள் முடிவதாக இருந்தால் கிளம்பும் முன்பே மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

* பேங்கில் உள்ள போன் நம்பர் பிள்ளையின் நம்பராக இருக்கட்டும். அந்த சிம் அவர்களோடு போகட்டும். ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருக்க வேண்டும்.

* வேலைக்காக வெளிநாடு போகிறவர்கள் பேங்குக்குச் சொல்லி, சாதாரண சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். இது சட்டம். சில பேங்குகள் வெளிநாட்டு விலாசத்துக்கே கார்டு அனுப்புகின்றன. அதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

* ஆள் மூலம் கார்டு அனுப்பினால், இன்னது இருக்கிறது என்று சொல்லி, கண்முன்னே காட்டிக் கொடுங்கள். ரகசிய எண் ஒருபோதும் கார்டோடு போகக் கூடாது. கார்டை இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவதும் வேண்டாம்.

* முதல் மூன்று மாதச் செலவுக்கு அந்த ஊர்ப் பணமாகவும் கொஞ்சம் கையில் இருக்கட்டும்.

அந்தக் காலத்தில் அங்கிருந்து டிராப்ட் வராதா என்று நாம் இங்கே தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இப்போது நம் பிள்ளைகள் இங்கிருந்து ஒரு கார்டு வராதா என்று அங்கே காத்திருக்கிறார்கள்.

என் மகளுக்கு அடுத்த மாதமே அங்கே கணக்கு திறந்து சம்பளமும் வந்துவிட்டது. அந்தத் தம்பி அடுத்த லீவுக்கு வந்தபோது, முறுக்குச் சுட்டு, பொட்டலம் கட்டாமல், தட்டில் வைத்துக் கொடுத்தேன். "இப்ப உள்ள ஒண்ணும் இல்லையேக்கா?" என்று கேட்டுச் சிரித்தார்!

— ஒரு வாசகி, சங்கரன்கோவில்.