அலுமாரியின் மேல் ஓர் அம்பிளிபயர்

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலாய கரையோர ஊர்களிலே பழைய கல்வீடு ஒன்றினுள் நுழைவோர், அலுமாரியின் மேலேயோ கூடத்தின் மூலையிலேயோ சீலையாற் போர்த்தப்பட்ட மரப்பெட்டி ஒன்றைக் காணுதல் கூடும். அது மூத்தவாப்பா காலத்து றேடியோப் பெட்டி. இலங்கை வானொலியின் முஸ்லிம் நிகழ்ச்சியையும், நாகூர் ஹனிபாவின் கணீரென்ற குரலையும் அயல்வீட்டாருக்கும் சேர்த்து வழங்கிய பெட்டி. இன்று அதன் தலைமேல் பிளாஸ்டிக் பூங்கொத்தொன்று வீற்றிருக்கிறது.

அண்மையில் எம்மைக் காணவந்த இளம் ஆசிரியர் ஒருவரின் வீட்டிலும் இத்தகைய பெட்டி ஒன்று உண்டு. ஆனால் அவர் வந்தது அதன் பொருட்டன்று. ஸ்பீக்கர் இரண்டுக்கு வால்வு அம்பிளிபயர் ஒன்று வாங்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஓராண்டாகச் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் கையில் இருந்தது. கைத்தொலைபேசியிலே படங்களைக் காட்டி, “இதில் எது நல்லது?” என்று வினவினார். படங்களின் கீழே விலைகள் டொலரில் இருந்தன. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், அவ்வாண்டு மே மாதத்திலே 360 ரூபாவை எட்டியதை நாம் மறந்துவிடவில்லை. அந்நிய நாட்டிலிருந்து வரும் ஒரு பொருளைத் தவறாகத் தெரிந்தெடுத்தால் அதைத் திருப்பி அனுப்புவதும் எளிதன்று. ஆதலின் அவருக்குச் சொன்னவற்றை வாசகர்க்கும் சொல்லுதல் தகும் எனக் கருதினோம்.

வால்வு என்பது காற்று நீக்கிய கண்ணாடிக் குமிழ். பிளெமிங் என்னும் ஆங்கிலேயர் 1904இல் அதற்கு வழிகோலினார். 1906இல் அமெரிக்கரான டி பாரஸ்ட் அதனுள் மூன்றாவது உறுப்பொன்றைப் புகுத்தவே, சிறிய மின்னசைவைக் கொண்டு பெரிய மின்னோட்டத்தை ஆட்டுவிக்கும் ஆற்றல் மனிதன் கைக்கு வந்தது. பின்னர் டிரான்சிஸ்டர் வந்து வால்வை ஓரங்கட்டியது. ஒன்றை ஒளிவுமறைவின்றிக் கூறிவிடுகிறோம்: ஒரே விலைக்கு டிரான்சிஸ்டர் அம்பிளிபயரே அதிக வலுவும் குறைந்த சூடும் தரும். வால்வின் ஒலியில் ஓர் இதமுண்டு என்று விரும்புவோர் விரும்புகிறார்கள்; அதை நாம் மறுக்கவும் இல்லை. அந்த விருப்பம் உள்ளவருக்கே இக்கட்டுரை.

ஆசிரியர் எத்தனை வாட் வேண்டும் என்று கேட்டார். நாம் அவருடைய ஸ்பீக்கரைப் பற்றிக் கேட்டோம். அவருக்கு அது வியப்பாயிருந்தது. ஒரு வாட் மின்வலுக் கொடுத்து, ஒரு மீற்றர் தூரத்தில் நின்று அளந்தால் எத்தனை டெசிபெல் ஒலி வருகிறது என்பதே ஸ்பீக்கரின் கூருணர்வு. அது பெட்டியின் பின்புறத்திலோ விளக்கத் தாளிலோ குறிக்கப்பட்டிருக்கும். ஒலி 3 டெசிபெல் உயர வேண்டுமாயின் அம்பிளிபயரின் வலு இரட்டிக்க வேண்டும். 93 டெசிபெல் ஸ்பீக்கருக்கு 5 வாட் கொடுத்துப் பெறும் ஒலியை, 84 டெசிபெல் உள்ள சின்னஞ்சிறு ஸ்பீக்கரிலே பெறுவதற்கு 40 வாட் கொடுத்தாக வேண்டும். நாற்பது வாட் வால்வு அம்பிளிபயருக்கும் ஐந்து வாட்டுக்கும் இடையேயுள்ள விலை வேறுபாட்டைச் சொல்லத் தேவையில்லை. எனவே முதலிற் பணத்தை ஸ்பீக்கரில் இடுக. 90க்கு மேற்பட்டதாய், 8 ஓம் உடையதாய் இருப்பின் நன்று. நம் வீட்டுக் கூடத்துக்கு ஐந்து வாட் தாராளம். அதற்கு மேலே போனால் மதிலுக்கு அப்பாலிருந்து குரல் வரும்.

இனி, புதிதாக வாங்குவோர் எதைப் பார்க்க வேண்டும்? கண்ணாடியின் செவ்வொளியைப் பார்த்து மயங்க வேண்டா. இரும்பைப் பார்க்க வேண்டும். ஈ.எல். 84 என்னும் வால்வு தன் வேலையை 5,200 ஓம் அளவில் செய்கிறது. ஸ்பீக்கரோ 8 ஓம். இவ்விரண்டையும் பொருத்தி வைப்பது வெளியீட்டு டிரான்ஸ்போமர். ஒரு பக்கம் இருபத்தைந்து சுற்றுக்கு மறுபக்கம் ஒரு சுற்று என்ற கணக்கிலே செம்புக் கம்பி சுற்றிய இரும்புக் கட்டி அது. அம்பிளிபயரின் விலையிற் பெரும்பகுதி அதற்கே உரியது; மலிவாகச் செய்வோர் முதலிற் குறைப்பதும் அதையே. இரு பக்க ஒலி தரும் மெய்யான வால்வு அம்பிளிபயரில் இரும்புக் கட்டிகள் மூன்றேனும் இருக்கும்: மின்சாரத்துக்கு ஒன்று, ஸ்பீக்கர்களுக்கு இரண்டு. ஒரு கையால் இலேசாகத் தூக்கக் கூடியதாயின், முன்னே இரண்டு வால்வுகள் அழகுக்கு நிற்க, உள்ளே டிரான்சிஸ்டர் வேலை செய்கிறது என்று கொள்க. சிலவற்றில் வால்வின் அடியிலே சிவப்பு விளக்கு வைத்து ஒளியூட்டியிருப்பதையும் கண்டோம்! ஈ.எல். 84, ஈ.சீ.சீ. 83 போன்ற வால்வுகள் சிலோவாக்கியா, ரசியா, சீனா ஆகிய நாடுகளில் இன்றும் செய்யப்படுகின்றன. ஆதலின் இவற்றைக் கொண்ட அம்பிளிபயரையே தேர்க. பெயர் தெரியாத வால்வு இருந்தால், அது பழுதான அன்றே அம்பிளிபயரும் பழுது.

சூட்டையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பத்து வாட் இசை தரும் அம்பிளிபயர் ஐம்பது வாட் மின்சாரம் உண்ணும். மிகுதி அனைத்தும் வெப்பம். சித்திரை மாத நண்பகலில் அதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுவோரும் உளர்.

நிற்க. இவ்வளவும் கேட்ட ஆசிரியரிடம் நாம் சொன்னது, பணத்தைச் செலவிடுமுன் அலுமாரி மேலிருக்கும் பெட்டியின் பின்மூடியை ஒருமுறை பாருங்கள் தம்பி, என்பதே. பழைய வால்வு றேடியோக்கள் பலவற்றின் பின்னால், இசைத்தட்டு இயந்திரத்தைப் பொருத்துவதற்கெனத் துளைகள் இரண்டும், வெளி ஸ்பீக்கருக்கெனத் துளைகள் இரண்டும் இருக்கும். அந்தப் பெட்டி ஒரு வால்வு அம்பிளிபயரேதான். ஈ.எல். 84 உடைய பெட்டி மூன்று, நான்கு வாட் தரும். நல்ல ஸ்பீக்கருக்கு அது போதும்.

ஆனால் எல்லாப் பெட்டியும் இதற்கு உதவா. ஐரோப்பிய வால்வின் மேல் எழுதிய முதலெழுத்தைப் படிக்க வேண்டும். அவ்வெழுத்து ‘டீ’ ஆயின், மின்சாரம் எட்டாத காலத்திலே உலர் மின்கலத்தால் இயங்கிய பெட்டி. அதன் வலு கால் வாட் அளவே. ‘ஈ’ ஆயின், வால்வின் இழை 6.3 வோல்ட்டில் எரிவது. பெரும்பாலும் உள்ளே மின் டிரான்ஸ்போமர் இருக்கும். இதுவே நமக்கு வேண்டியது. ‘யூ’ ஆயின், கைவைக்க வேண்டா.

யூ வரிசைப் பெட்டியில் டிரான்ஸ்போமர் கிடையாது. நேர் மின்சாரம், மாறு மின்சாரம் இரண்டிலும் இயங்குவதற்காக, கடற்கரைப் பள்ளிக் கொடியேற்ற விழாவிலே தொங்கும் மின்குமிழ்ச் சரத்தைப் போல, வால்வுகளின் இழைகளை வரிசையாகக் கோத்து மின்கம்பியிலே நேரே பூட்டியிருப்பார்கள். உள்ளேயுள்ள உலோகத் தட்டும் அதே கம்பியோடு சேர்ந்தது. செருகியைத் திருப்பிச் செருகினால் 230 வோல்ட் அந்தத் தட்டிலே நிற்கும். அத்தகைய பெட்டியோடு கைத்தொலைபேசியைக் கம்பியாற் பொருத்தினால், மின்சாரம் அக்கம்பி வழியே பிடித்தவர் கைக்கு வரும். சிறு வயதிலே நாம் உறவினர் வீட்டுப் பெட்டியொன்றின் பின்புறத்தை வெறுங்காலோடு நின்று தடவி, சுவரோரம் எறியப்பட்டோம். முழங்கை வரை விறைத்துப்போன அந்த மாலையை இன்றும் மறக்கவில்லை. அது யூ வரிசை என்பதைப் பின்னாளிலேதான் அறிந்தோம்.

ஈ வரிசையிலும் அரிதாகச் சிலவற்றிலே தட்டு மின்சாரத்தோடு சேர்ந்திருப்பதுண்டு. ஆதலின் பழுது பார்ப்பவர் மீற்றர் வைத்துச் சோதித்து, அச்சமில்லை என்று சொன்ன பின்னரே எதையும் பொருத்த வேண்டும். பல்லாண்டு உறங்கிய பெட்டியை உடனே மின்சாரத்தில் செருகுவதும் தவறு. வெளியீட்டு வால்வுக்கு முன்னே நிற்கும் சிறு கண்டென்சர், கடற்காற்றின் ஈரத்தாலும் முதுமையாலும் கசியத் தொடங்கியிருக்கும். கசிந்தால் வால்வு செக்கச் சிவந்து, அதனோடு வெளியீட்டு டிரான்ஸ்போமரும் கருகும். சில நூறு ரூபாக் கண்டென்சரை மாற்றாமையால், எங்கும் கிடைக்காத டிரான்ஸ்போமரை இழப்பது மடமை. வீட்டு மின்சாரம் 230 வோல்ட் ஆதலால், பெட்டியின் பின்னே 220, 245 என நிலைகள் இருப்பின் 245ஐ வைப்பது வால்வுகளுக்கு நல்லது. கைத்தொலைபேசியின் வலம், இடம் என்னும் இரு கம்பிகளையும் நேரே முறுக்கிவிடாமல், ஒவ்வொன்றுக்கும் ஆயிரம் ஓம் தடை ஒன்று இட்டே சேர்க்க வேண்டும். ஸ்பீக்கர் பூட்டாமல் வால்வு அம்பிளிபயரை ஒருபோதும் இயக்கலாகாது.

குறை இல்லையா? உண்டு. ஒலி ஒரு பக்கத்திலிருந்தே வரும், அடித்தொனி மெலிந்திருக்கும். 1953இல் வந்த குவாட் 2 அம்பிளிபயரின் 15 வாட் நேர்த்தியை இதில் எதிர்பார்த்தல் ஆகாது. ஆயின் 1950களிலே பதியப்பட்ட பாடல்களோ பெரும்பாலும் ஒற்றைத் தடத்தில் பதிந்தவை. அவை இப்பெட்டியிலே குறைவின்றிக் கேட்கும். இரு பக்க ஒலியே வேண்டும் என்போர் மேற்சொன்ன இரும்புக் கணக்கோடு புதியதை வாங்குக.

ஆசிரியரின் பெட்டியைத் திறந்துபார்க்க நாமும் போயிருந்தோம். 2004 டிசம்பர் 26இல் கடல் எழுந்தபோது அவர்கள் வீட்டில் எஞ்சிய தளபாடங்களில் அதுவும் ஒன்று. உயரத்தில் இருந்ததால் நீர் எட்டவில்லை என்று அவருடைய உம்மா கூறினார். திருத்த வந்தவர் பின்மூடியைக் கழற்றி, தூசியைத் துடைத்து, விளக்கைப் பிடித்தார். வால்விலே எழுத்து மங்கியிருந்தது.

“காக்கா, என்ன எழுத்து?” என்றார் ஆசிரியர், எம்மைவிட ஆவலோடு.

“ஈ தான் தம்பி. ஆனா இண்டைக்குக் கரண்ட் குடுக்க மாட்டன். நாலு கண்டென்சர் மாத்தணும், பொறுங்க.”

சீட்டுப் பணத்திலே ஒரு பகுதி ஸ்பீக்கருக்குப் போயிற்று. மிகுதி இன்னும் வங்கியிலே கிடக்கிறது. பூங்கொத்தை எங்கே வைப்பது என்பதுதான் உம்மாவுக்கு இப்போதுள்ள கவலை.