வெண்கலமா, பித்தளையா?

மங்களூர், விருத்தாசலம் பக்கத்தில் பீங்கான் சாடி வாங்கும் தாய்மார் அதனைச் சுண்டிப் பார்த்தே வாங்குவர். பாடகர் குழுவுக்கு டிரம் வாங்கச் செல்லும் நம் இளைஞரோ, தாளத்தட்டுகளைத் தட்டிப் பாராமலே பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகின்றனர்.

மலிவான டிரம்களோடு வருவன பெரும்பாலும் பித்தளைத் தட்டுகளே. செம்பும் துத்தநாகமும் கலந்த அவை தகரம்போல் ஒலித்து விரைவில் அடங்கும். கிறிஸ்மஸுக்கு வாங்கிய தட்டொன்று உயிர்ப்பு விழாவுக்குள் விளிம்பு மடிந்துபோனதை நாம் கண்டோம். இத்தனைக்கும் தவக்காலம் முழுவதும் அது வாய் திறக்கவில்லை!

செம்போடு வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம். நூற்றுக்கு 20 பங்கு வெள்ளீயம் உள்ளது, ஆலய மணியின் உலோகத்தை ஒத்தது, விலையும் மிகுதி. 8 பங்கு உள்ள தகட்டுத் தட்டு விலை குறைந்தது. நம் குழுக்களுக்கு அதுவே போதும். கையிருப்பு சிறிதெனில், காலால் மிதித்து மூடித் திறக்கும் ஹை-ஹேட் ஜோடியை மட்டும் நல்லதாக வாங்குக. தாளத்தை நிலைநிறுத்துவது அதுவே. பெரிய தட்டுகள் அடுத்த ஆண்டு வரட்டும்.

பிறர் பயன்படுத்தியதை வாங்குவதிலும் இழுக்கில்லை. ஆயின் விளிம்பை நகத்தால் தடவிப் பார்த்தல் வேண்டும். மயிரிழை வெடிப்பும் அடிக்க அடிக்க வளரும். நடுத்துளை ஒருபுறம் தேய்ந்து நீண்டிருந்தால், அத்தட்டு உறையின்றி இரும்புத் தண்டில் உராய்ந்தது எனக் கொள்க. வாங்கியபின் திருகை இறுக முடுக்காது, தட்டு தாராளமாக அசைய விடுக.